விசிறி விரியும் தூரம்

பங்குனி 4, திங்கள்

எங்க வீட்டுக்காரவுக என்னென்ன மறக்கிறாக என்று தினமும் தேதி போட்டு எழுதி, அடுத்த முறை வரும்போது கொண்டுவரச் சொன்னாள் ஆஸ்பத்திரி நர்சம்மா. எழுதத் தெரியுமா பாட்டி, இல்லை பேத்தியை எழுதச் சொல்லட்டுமா என்று வேறு கேட்டாள். நான் ஐந்தாவது வரை படித்தவள். அந்தக் காலத்து ஐந்தாவது. சீனியம்மாள் எழுத்தைப் பாருங்கடா என்று வாத்தியார் என் சிலேட்டை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டியிருக்கிறார். நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மருந்துக்கடையில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது.

இன்று அவுக எதையும் மறக்கவில்லை.

காலையில் இரண்டு தரம் பல் தேய்த்தாக. சுத்தம் நல்லதுதானே.

உளுந்து ஊறப்போட்டேன். காந்தல் கடுமை. மோர்மிளகாய் ஒரே நாளில் சுக்காகிவிட்டது.

பங்குனி 5, செவ்வாய்

நேற்று எழுதியதை இசக்கி எட்டிப் பார்த்துவிட்டாள். இசக்கிப்ரியா என் மகன் வயிற்றுப் பேத்தி. மகன் செல்லப்பாண்டி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இவள் எங்களோடு இருந்து இங்கே கோவில்பட்டியில் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். வகுப்பில் இவள்தான் முதல். நான் பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்டவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அதென்ன ஆச்சி காந்தல், ஊரில் எல்லோரும் சொல்கிற மாதிரிச் சொன்னால் என்ன என்றாள். எப்படிச் சொல்வது? அவுக பேரின் முன்பாதியே அதுதான். வானத்திலிருந்து அடிப்பது, எங்க ஊரில் பஞ்சமில்லாமல் கிடைப்பது. கழுத்தில் தாலி ஏறின நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் வாயில் எடுத்ததில்லை. வத்தலைக் காந்தலில்தான் போடுவேன். பின்பாதியும் அப்படித்தான். கடலில் சிப்பிக்குள் விளைவதை நான் 'பாசி' என்றுதான் சொல்வேன். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேர் கேட்டால் கார்டை நீட்டிவிடுவேன். எங்க அம்மா அப்படி, எங்க மாமியார் அப்படி. புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பார்கள். முழுக்க நம்புகிறேன் என்று இல்லை. அதற்காகச் சொல்லிப் பார்க்கிற விஷயமா அது?

அவுகளுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. "இந்தாங்க" என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை.

பங்குனி 7, வியாழன்

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவுக வெளியே நடந்துவிட்டு வரப் போயிருந்தாக. ஒன்றும் ஆகவில்லை.

அவுக வீடு வீடாகக் கேஸ் சிலிண்டர் போட்டவுக. தோளில் சிலிண்டர், கையில் ஸ்பேனர். ஸ்பேனரால் சிலிண்டரில் ஒரு தட்டுத் தட்டினால் தெருவில் பாதிக் கதவு திறக்கும். வேலையை விட்டு வருஷக்கணக்காகிறது, ஸ்பேனரை மட்டும் விடவில்லை. இன்று யாரோ ஒரு வீட்டு வாசல் கம்பியில் தட்டி, காலி சிலிண்டரை எடுத்து வையுங்கள் என்று கேட்டிருக்காக. அந்த வீட்டுப் பொம்பளை நல்லவள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, விசாரித்து, ஆள் துணையோடு அனுப்பிவைத்தாள். இத்தனை வருஷம் நடந்த தெரு. போய்ப் பார்க்கத் தோன்றாதா?

செல்லப்பாண்டி போன் பண்ணினான். போன மாதம் அவுக ரயில் ரோட்டுப் பக்கம் காற்று வாங்கப் போனதை யாரோ இப்போதுதான் அவன் காதில் போட்டிருக்கிறார்கள். தண்டவாளத்தில் நின்றார் என்று கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். நின்றது உண்மைதான். ரயில் வர நேரம் இருந்தது.

மதுரைப் பக்கம் ஒரு இல்லம் பார்த்திருக்கிறானாம். இப்படிப்பட்டவர்களுக்கு என்றே நடத்துகிறார்களாம். கேட் எப்போதும் பூட்டியிருக்கும், உள்ளேயே டாக்டர். உத்திரத்துக்கு வரும்போது அப்பாவைக் கூட்டிப் போய் விட்டுவிடுவோம் என்றான். அவனும் என்ன செய்வான், அங்கே நின்றுகொண்டு இங்கே நினைத்துப் பயப்படுகிறான்.

இன்று நடந்ததை நான் சொல்லவில்லை. வெண்டைக்காய் கருகுகிறது என்று போனை வைத்துவிட்டேன்.

பங்குனி 8, வெள்ளி

அதுவரைக்கும் வாசல் கதவுக்கு ஒரு பூட்டாவது வாங்கிப் போடுங்கம்மா என்றான் செல்லப்பாண்டி. கடைக்குப் போனேன். கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பங்குனி 10, ஞாயிறு

இன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டும்.

வீட்டு விலாசம் எழுதின அட்டையை அவுக கழுத்தில் மாட்டிப் பார்த்தோம். கழற்றி முருகன் படத்துக்குப் போட்டுவிட்டாக. சட்டைப்பையில் வைத்த சீட்டு சலவைக்குப் போய்க் கூழானது. அவுக விடாமல் வைத்திருப்பது இரண்டு சாமான்தான். ஒன்று ஸ்பேனர். இன்னொன்று இசக்கியின் பழைய செல்போன். அதில் பழைய பாட்டெல்லாம் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். காக்கிச் சட்டைப் பையில் அது பாடிக்கொண்டே இருக்கும். சிம் போடுகிற இடம் உடைந்துபோனதால் அதில் பேச முடியாது, மேப்பில் ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும் வித்தையும் நடக்காது.

இசக்கி அதையே கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இதால பேசத்தான் முடியாது ஆச்சி. பேரைச் சொல்ல முடியும்."

எப்படி என்று கேட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். வீட்டுக்கு வீடு இப்போது வைஃபை பெட்டி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அது ஒவ்வொன்றும் நான் இங்கே இருக்கிறேன், நான் இங்கே இருக்கிறேன் என்று தன் பேரை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்குமாம். நம் காதுக்குக் கேட்காது. செல்போனுக்குக் கேட்கும். கேட்டதையெல்லாம் வரிசையாக எழுதிக் காட்டும். பெட்டி இல்லாவிட்டாலும் ஒரு செல்போனையே அப்படிப் பேர் சொல்ல வைக்கலாம். அதற்கு ஹாட்ஸ்பாட் என்று பேர். அவுக சட்டைப்பையில் இருக்கும் போன் பேரைச் சொல்லும், என் கையில் இருக்கும் போன் அதைக் கேட்கும். அவ்வளவுதான்.

என் போனைத் திறந்து காட்டினாள். எங்கள் தெருவே அதில் இருந்தது. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, அவள்தான் வாசித்தாள். ஒருவர் சாமி பேர் வைத்திருக்கிறார். ஒருவர் 'ஓசி கிடையாது' என்று வைத்திருக்கிறார், அது யாரென்று சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு பனையோலை விசிறி. பக்கத்தில் இருந்தால் விசிறி முழுக்க விரிந்திருக்கும். தூரம் போகப் போக மடங்கும். ரொம்பத் தள்ளிப் போனால் பேரே இருக்காது.

அவுக போனுக்குத் தமிழில்தான் பேர் வைக்க வேண்டும், அப்போதுதான் எனக்குப் படிக்க முடியும். 'இசக்கி தாத்தா' என்று வைக்கப் பார்த்தாள், இடம் போதவில்லை என்று தள்ளிவிட்டது. தமிழ் எழுத்து அதிக இடம் அடைக்குமாம். அடைக்கட்டுமே. கடைசியில், கூட வேலை பார்த்தவர்கள் அவுகளைக் கூப்பிடும் பேரை, பின்பாதியை மட்டும், அடித்தாள். ஏறிக்கொண்டது. அதை எப்படிடி நான் என்று ஆரம்பித்தேன்.

"படிக்கத்தான போற ஆச்சி, சொல்லவா போற?"

அதுவும் சரிதான். படித்தால் தோஷமில்லை. கல்யாணப் பத்திரிகையில்கூடப் படித்தேனே.

பங்குனி 11, திங்கள்

இசக்கி அந்தப் போனை வீட்டில் ஒளித்து வைத்து என்னைத் தேட விட்டாள். முதலில் மாடியில் தண்ணீர்த் தொட்டி அருகே. கண்டுபிடித்துவிட்டேன். அடுத்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள், எவர்சில்வர் பானை. மூடியும் போட்டுவிட்டதால் விசிறி மடங்கி மடங்கிக் காட்டியது. பக்கத்திலேயே நின்றுகொண்டு தெருக்கோடியில் இருப்பதாக நினைத்துவிட்டேன். இரும்புக்குப் பின்னால் இருந்தால் அப்படித்தான் காட்டுமாம்.

நான் கண்டுபிடித்ததும் ஒன்று உண்டு. நடந்துகொண்டே பார்த்தால் அது பழசையே காட்டுகிறது. நின்று, ஒரு திருநீறு பூசும் நேரம் பொறுத்துப் பார்த்தால்தான் புதுசு வரும். இதை இசக்கியிடம் சொன்னேன். ஆமா ஆச்சி, புதுசாத் தேட அதுக்குக் கொஞ்சம் நேரம் வேணும் என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

யாரும் சேராமல் இருந்தால் ஹாட்ஸ்பாட் தானே அணைந்துவிடுமாம், அதையும் அணையாதபடி மாற்றிவிட்டாள். பாட்டும் பாடி, பேரும் சொல்வதால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், காலையிலும் மத்தியானமும் மறக்காமல் போடணும். நான் மறக்க மாட்டேன்.

அவுக ஊஞ்சலில் உட்கார்ந்து எங்கள் விளையாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாக. என்ன தேடுறீங்க என்று கேட்டாக. உங்களைத்தான் தாத்தா என்றாள் இசக்கி. "நான் இங்கதான இருக்கேன்" என்றாக.

பங்குனி 13, புதன்

இன்று நிஜமாகவே தேடினேன். இசக்கி காலேஜ் போன பிறகு கதவு திறந்து கிடந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தேன். எங்கள் வாசலில் பேர் இல்லை. பிள்ளையார் கோயில் முக்கில் நின்று பொறுத்தேன். இல்லை. மாவு மில் பக்கம் திரும்பி நின்றேன். வரிசையில் கடைசியில் அவுக பேர் வந்து உட்கார்ந்தது, விசிறி பாதி மடங்கியிருந்தது. மில்லைத் தாண்டினேன், விசிறி விரிந்தது. டீக்கடையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தாக.

"இந்தாங்க" என்றேன். திரும்பவில்லை. தெருவில் சைக்கிளில் போன பழைய கேஸ் ஆபீஸ் ஆள் ஒருத்தர் அவுக பேரைச் சொல்லி, என்னப்பா நல்லாருக்கியா என்றார். உடனே திரும்பிக் கையைத் தூக்கினாக. காது மந்தம் சில நேரம்தான் போலிருக்கிறது.

நானும் ஒரு வடை தின்றேன். வீட்டு வடைக்கு உறை போடக் காணாது.

பங்குனி 16, சனி

செல்லப்பாண்டியிடம் வழி கிடைத்துவிட்டது, உன் மகள்தான் கண்டுபிடித்தாள் என்று பெருமையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, அம்மா, நீங்க போனைப் பார்த்துக்கிட்டே ரோட்டில நடந்தா உங்களுக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா, ரெண்டு பேரையும் நான் தேடணுமா என்றான். விளையாட்டில்லைம்மா என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்துவிடுவான். சனிக்கிழமை உத்திரம், சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு, ஞாயிறு அப்பாவோடு மதுரை. எல்லாம் பேசி முடித்துவிட்டானாம்.

அவுக வேட்டி சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். பைக்குள் எதையும் எடுத்து வைக்கவில்லை.

பங்குனி 19, செவ்வாய்

சாயங்காலம் காபி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, நீங்க எந்த வீட்டும்மா, உங்க வீட்டுக்கு இன்னும் சிலிண்டர் வரலையா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாக.

அவுகளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

பங்குனி 20, புதன்

மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்து, வராமல் போய்விட்டது. சட்டைப்பைக்குப் பெரிய பொத்தான் வைத்துத் தைத்தேன், போன் கீழே விழக்கூடாது என்று.

பங்குனி 22, வெள்ளி

இன்று எழுத்து கோணலாக இருந்தால் வாத்தியார் மன்னிக்கட்டும்.

காலையில் மகனுக்குப் பிடிக்கும் என்று புளிக்குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். இசக்கிக்குச் செய்முறைப் பரீட்சை, போய்விட்டாள். தேங்காய் அரைத்து முடித்துப் பார்த்தால் ஊஞ்சல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மாவு மில், டீக்கடை, பிள்ளையார் கோயில், மார்க்கெட் வாசல். எங்கேயும் பேர் இல்லை. நின்று நின்று பார்த்தேன். எல்லார் பேரும் வருகிறது, அவுக பேரைத் தவிர. ரயில் ரோட்டுக்கும் போனேன். தண்டவாளம் காந்தலில் பளபளவென்று கிடந்தது. அங்கே இல்லை என்றதும் கும்பிட்டேன்.

ஒரு ஆள் எத்தனை தெருவில் நிற்க முடியும்? ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தேன். நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோர் கையிலும் செல்போன். அப்போதுதான் தோன்றியது, இவர்கள் போனும் கேட்குமே. மிக்கேல் என்று ஒரு தம்பி, எங்களை இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவன். அவனிடம் விவரத்தைச் சொன்னேன். சட்டென்று புரிந்துகொண்டான். ஆளுக்கொரு தெரு போய்ப் பார்க்கிறோம் ஆச்சி, என்ன பேரு வரும் சொல்லுங்க என்றான்.

எனக்கு வாய் வரவில்லை.

என் போனில் காட்டலாம் என்றால், பக்கத்தில் இருந்தால்தானே அதில் பேர் வரும். இசக்கி தாத்தா என்றேன். அந்தப் பேரா வரும் என்றான். இல்லை, வேறே என்றேன். நேரம் போகுது ஆச்சி என்றான். மூளை வேலை செய்தது. அவன் ஆட்டோவின் பின் கண்ணாடியில் தூசி அப்பிக் கிடந்தது. விரலால் அந்த மூன்றெழுத்தை எழுதிவிட்டேன். எழுதுவது தோஷமா என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

"ஏ, இது நம்ம கேஸ் அண்ணாச்சிடே," என்றான் மிக்கேல். அவன் அம்மா வீட்டுக்கு அவுகதான் சிலிண்டர் போட்டாகளாம். ஸ்டாண்டே கிளம்பிவிட்டது. என்னைத் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, கண்ணாடியைத் துடைக்காமலே ஓட்டினான். எங்கள் முதுகுக்குப் பின்னால் அவுக பேர் ஊரெல்லாம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒருவனிடமிருந்து போன். புதுரோடு தாண்டிக் கட்டியிருக்கும் மாடிக் குடியிருப்பு பக்கம் பேர் தெரிகிறது, ஆளைக் காணோம் என்றான். அங்கே போய் இறங்கினேன். என் போனிலும் வந்துவிட்டது. விசிறி முழுக்க விரிந்து நிற்கிறது. இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன், வேலிக்குப் பின்னால் பார்த்தேன். ஆள் இல்லை. தள்ளிப் போனால் மடங்குகிறது, திரும்ப வந்தால் விரிகிறது. போனை மட்டும் எங்கேயாவது போட்டுவிட்டாகளோ என்று குழியெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

அந்த நேரம் செல்லப்பாண்டி போன். வீட்டுக்கு வந்துட்டேன், எங்கம்மா இருக்கீங்க, அப்பா எங்கே என்றான். அப்பா நடக்கணும்னாக, கூட வந்தேன் என்றேன். பொய்தான். பாதி.

போனை இடுப்பில் செருகும்போதுதான் பாட்டுச் சத்தம் கேட்டது. மேலேயிருந்து.

நான் ஒரு மடச்சி. தெருத்தெருவாகத் தேடுகிறேன். சிலிண்டர் போடுகிறவர் தெருவிலேயா நிற்பார்? மாடிக்கல்லவா ஏறுவார்.

நிமிர்ந்து பார்த்தேன். வெளிப்பக்கமாகப் போகிற படிக்கட்டு, இன்னும் கைப்பிடி வைக்கவில்லை. மூன்றாம் மாடித் தலைப்படியில் காக்கிச் சட்டை. யார் வீட்டு வாசலிலோ இருந்த சிலிண்டர் தோளில். ஒரு கால் கீழ்ப்படியைத் தேடி அந்தரத்தில் துழாவுகிறது.

மிக்கேல் படிக்கட்டைப் பார்த்து ஓடினான். அவன் போய்ச் சேர நேரமாகும். "இந்தாங்க!" என்றேன். திரும்பவில்லை. ஏங்க என்று கத்தினேன். செல்லப்பாண்டி அப்பா என்று கத்தினேன். கால் இன்னும் இறங்குகிறது.

எழுதியே விடுகிறேன்.

"வெயில்முத்து!" என்றேன்.

என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது. அவுக கால் நின்றது. "ஏ வெயில்முத்து! சிலிண்டரைக் கீழ வைங்க!"

காலைப் பின்னால் எடுத்தாக. சிலிண்டரை மெதுவாக, பழைய பழக்கத்தில் முட்டியில் தாங்கி, சத்தமில்லாமல் தரையில் வைத்தாக. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாக.

"யாரது, எம் பேரைச் சொல்றது?"

"நான்தான். சீனி."

"பொய் சொல்லாத. சீனி எம் பேரைச் சொல்ல மாட்டா."

"இன்னைக்குச் சொல்லிட்டா. இறங்கி வாங்க."

மிக்கேல் அவுகளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். கீழே வந்ததும் என் முகத்தை உற்றுப் பார்த்தாக. ஏறக்குறைய இரண்டு வாரமாகப் பார்க்காத பார்வை அது. சீனி, பேர் சொல்லிக் கூப்பிடுறியே, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா என்றாக. காந்தல் கண்ணைக் கூசியது, நீர் வந்தது. சேலையில் துடைத்துக்கொண்டேன்.

ஆட்டோவில் வீடு வரைக்கும் மிக்கேலிடம் புலம்பிக்கொண்டே வந்தாக. எம் பொண்டாட்டி நடுரோட்டில எம் பேரைச் சொல்லிட்டாப்பா, கேட்டியா. கேட்டேன் அண்ணாச்சி என்றான் அவன். அந்தத் தெருவே கேட்டுச்சு.

வாசலில் செல்லப்பாண்டி நின்றான். அவுக இறங்கியதும் நேராக அவனிடம் போய், "செல்லம், உங்கம்மா எம் பேரைச் சொல்லிட்டா, என்னன்னு கேளு" என்றாக. போன தரம் வந்தபோது அவுக அவனை யார் தம்பி என்று கேட்டாக. நான் இதில் எழுதவில்லை. எழுதுவதற்கு முந்தி நடந்தது.

செல்லப்பாண்டி என்னைப் பார்த்தான், மிக்கேலைப் பார்த்தான். நான் மறைக்க நினைத்ததையெல்லாம் மிக்கேல் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டான், கைப்பிடி இல்லாத படிக்கட்டு உட்பட. வாய் நீளம் அந்தத் தம்பிக்கு. கோபிக்கவும் முடியவில்லை.

அவன் போன பிறகு என் மகன் தன் போனை எடுத்து வைஃபை வரிசையைத் திறந்தான். அப்பா பேர் அதில் இருந்தது. அதைப் பார்த்தபடியே வாசலுக்குப் போனான், தெருவில் இறங்கினான், பிள்ளையார் கோயில் வரை நடந்தான். அங்கே நின்றான். பேர் மறைந்திருக்கும். திரும்ப நடந்து வந்தான். இதையே இரண்டு மூன்று தரம் செய்தான். சின்ன வயதில் அப்பா சிலிண்டர் வண்டி வருகிறதா என்று அங்கேதான் போய் நின்று பார்ப்பான்.

இசக்கி வந்து சேர்ந்ததும், இது எவ்வளவு தூரம் கேக்கும், சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும் என்று மகளிடம் பாடம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தான்.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. எல்லோரும் அதையே நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டார்கள்.

பங்குனி 24, ஞாயிறு

நேற்றுச் சாஸ்தா கோயிலில் சரியான கூட்டம். சொந்தபந்தம் எல்லோர் போனிலும் இசக்கி அவுக பேரைக் காட்டி வைத்திருந்தாள். அவுக பொங்கல் பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாக, எங்கேயும் போகவில்லை. தேடுவதற்கு ஆள் இருந்தால் தொலைய மாட்டார்கள் போலிருக்கிறது.

இன்று காலை செல்லப்பாண்டி பை கட்டினான். அவன் பையை மட்டும்.

"இப்ப வேண்டாம்மா. முடியாத நாள் வந்தா மறைக்காமச் சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். இந்தத் தரம் பொய் இல்லை. அவன் போவதற்கு முன்னால் வாசல் கதவில் பூட்டுக்குப் பதிலாக ஒரு மணி கட்டினான், கோயில் கடையில் வாங்கியது. திறந்தால் அடிக்கும். மிக்கேல் நம்பரையும் வாங்கிக்கொண்டான். அந்தக் குடியிருப்பில் படிக்குக் கைப்பிடி வைக்கச் சொல்லி மிக்கேலே போய்ச் சத்தம் போட்டானாம்.

பங்குனி 27, புதன்

நர்சம்மாவிடம் இந்த டைரியைக் கொடுக்க வேண்டும். முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். அவுக மறந்ததைப் பற்றி நான் ஒன்றுமே ஒழுங்காக எழுதவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன், அம்மா, கேட்டுக்கொள்ளுங்கள். பல் தேய்த்ததை மறக்கிறாக. சாப்பிட்டதை மறக்கிறாக. தெருவை மறக்கிறாக, வேலையை விட்டதை மறக்கிறாக. என்னைப் பல நாள் மறக்கிறாக. 'இந்தாங்க' என்றால் அது தன்னை என்று தெரிவதில்லை. காது நன்றாகத்தான் கேட்கிறது.

வெயில் ஏறுவதற்கு முன்னால் அவுக நடந்துவிட்டு வரட்டும் என்று காலையில் கதவைத் திறந்துவிடுகிறேன். மணி அடிக்கிறது. போன் முழு சார்ஜில் பையில் இருக்கிறது. ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டும்போது மிக்கேல் பார்த்துக்கொள்கிறான், மாவு மில்லில் பார்த்துக்கொள்கிறார்கள். அண்ணாச்சி இந்தப் பக்கம்தான் இருக்காரு ஆச்சி, விசிறி நல்லா விரிஞ்சிருக்கு என்று போன் வருகிறது. விசிறி என்பது என் சொல். இப்போது ஸ்டாண்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

காபி ஆறுவதற்குள் நான் வாசலுக்கு வந்து கூப்பிடுவேன். அவுக தெருக்கோடியில் நின்று திரும்பிப் பார்ப்பாக. பக்கத்தில் வந்து, "சீனி, பேர் சொல்லிக் கூப்பிடுறியே, என்ன ஆச்சு உனக்கு?" என்பாக. நேற்றும் கேட்டாக. இன்றும் கேட்டாக. தினமும் அவுகளுக்கு அது புதுசாக இருக்கிறது.

எனக்கும்தான்.